உயர்திணைக்காரர்

"கொஞ்சம் பொறுங்க, குழந்தைகளோட போறாங்க" என்று சொல்லிவிட்டு அவர் காரை நிறுத்தினார்.

நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். குழந்தையை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டு எந்தப் பெண்ணும் போகவில்லை. பள்ளிக்கூட பஸ்ஸும் இல்லை. ரயிலுக்கு ஒன்பது நிமிஷம்தான் இருந்தது. பிறகுதான் காரின் முன்னால் ஒரு கறுப்புக் கழுத்து நிதானமாக நகர்வது தெரிந்தது. ஒரு கனடா வாத்து, அதன் பின்னால் ஆறு குஞ்சுகள், கடைசியாக இன்னொரு பெரிய வாத்து. கடைசி வாத்து நடுத்தெருவில் நின்று எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

"அவர் அப்படித்தானுங்க. எல்லாரும் கடந்தாச்சான்னு பார்த்துட்டுத்தான் போவார்" என்றார்.

நான் அவருடைய காரில் ஏறிய முதல் நாள் அது. அமெரிக்காவில் வெஸ்ட் வின்ட்சருக்குக் குடிவந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில் கார் நிறுத்த பர்மிட் வேண்டுமென்றால் பெயரைக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் குடியிருப்புக் கம்யூனிட்டித் தமிழர்களில் பர்மிட் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். நான் கேட்கக்கூட இல்லை. "நானும் அதே ரயிலுக்குத்தானுங்க போறேன்" என்று சொல்லி அடுத்த நாள் காலையில் வாசலில் வந்து நின்றார். நான்கு வருஷம் அப்படி வந்து நின்றார்.

அவருக்கு ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். கோயம்புத்தூர்க்காரர். தனியாக இருந்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் அவரை "வாத்து சார்" என்போம். இப்போது அவர் இந்த ஊரில் இல்லை. அவர் எனக்குச் செய்ததையும் பதிலுக்கு நான் அவருக்குச் செய்ததையும் நினைத்தால் இன்றும் எனக்கு என்னவோ செய்கிறது. அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எந்த உயிரையும் 'அது' என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவர் வாயில் அஃறிணை என்பதே கிடையாது. நாய் வந்தார், அணில் போனார், மான்கள் ரோட்டோரம் நின்னுட்டிருந்தாங்க. முதலில் நான் இதைக் கொங்கு நாட்டு மரியாதை என்றுதான் நினைத்தேன். "சார், உங்க ஊர்ல குழந்தையைக்கூட வாங்க போங்கன்னு சொல்வீங்க, சரி. வாத்துக்குமா?" என்று ஒருநாள் கேட்டேன். "அவங்க என்னை ஒரு நாளும் மரியாதைக் குறைவா நடத்தினதில்லீங்களே" என்றார். சிரிக்கவே இல்லை. ஆனால் கண்ணில் ஒரு குறும்பு இருந்தது.

இன்னொரு நாள் காரில் போகும்போது, "கராஜ்ல ஒருத்தர் ஒரு வாரமா தங்கியிருக்காருங்க, சனிக்கிழமை கொண்டுபோய் விடணும்" என்றார். இந்தியாவிலிருந்து யாரோ புதிதாக வந்திருக்கிறார் போல, பாவம், கராஜில் போய்ப் படுக்க வைத்திருக்கிறாரே என்று எனக்குப் பதறியது. "எங்க வேலை பார்க்கறார் சார்?" என்று கேட்டேன்.

"தேடிட்டிருக்காருங்க."

"எந்த டெக்னாலஜி?"

"கொறிக்கறதுதான்."

எலி. கொல்லாமல் பிடிக்கும் கூண்டு ஒன்று வாங்கி வைத்திருந்தார். எலி அதற்குள் ஏறினால் நாலு மைல் தள்ளிக் காட்டோரம் கொண்டுபோய் விட வேண்டும் என்பது திட்டம். ஸ்டேஷன் வரும்வரை நான் சிரித்துக்கொண்டே வந்தேன். அன்று மாலையே அந்தக் கதையை நாலு வீட்டில் சொல்லியும் ஆயிற்று. எனக்கு வாய் சும்மா இருக்காது.

இதில் ஒன்று வேடிக்கை. இங்கிலீஷில் மனிதர்கள் பல பேர் என்றாலும் 'they', வாத்துகள் பல என்றாலும் 'they'. அதனால் எங்கள் கம்யூனிட்டி அமெரிக்கர்களுக்கு அவரிடம் ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை. அவரைப் பார்த்துச் சிரித்ததெல்லாம் நாங்கள், தமிழ் தெரிந்தவர்கள் மட்டும்தான்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் எனக்கு அவர்மேல் முதல் கோபம். பொங்கலுக்கு கிளப்ஹவுஸில் எல்லோரும் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவந்து சாப்பிடுவோம். மேஜையில் 'சைவம்' என்று அட்டை எழுதி வைப்பது என் வேலை. நான் பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு என் சைவ மேஜைக்கு வந்தார். "இது மோர்க்குழம்புங்களா?" என்றார். தலையாட்டினேன். "இதுல நெய்ங்களா?" என்றார். பொங்கலில் நெய் இல்லாமல் வேறென்ன ஊற்றுவார்கள்? கடைசியில் புளியோதரை கொஞ்சம், சுண்டல் கொஞ்சம், ஒரு அப்பளம். அவ்வளவுதான்.

"நாங்க ப்யூர் வெஜிடேரியன்தான் சார்" என்றேன், குரலில் சூடு தெரியும்படியாகவே.

"தெரியுமுங்க. நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்" என்றார். அவர் யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், மனசு ஆறியிருக்கும்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. ஒரு வாரம் கழித்துக் காரில் நானே கேட்டேன், பாலை ஏன் விட்டீர்கள் என்று. ஆபீஸ் நண்பர்களின் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பென்சில்வேனியாவில் ஒரு பால் பண்ணையைப் பார்க்கப் போனாராம். "கன்னுக்குட்டி ஒருத்தர் தனியா ஒரு பெட்டிக்குள்ள நின்னுட்டிருந்தாருங்க. பிறந்து ரெண்டு நாள்தான். என் விரலைப் பிடிச்சுச் சப்பினார். அம்மா எங்கேன்னு கேட்டேன். அந்தப் பக்கம் பால் கறக்கற மெஷின்ல நிக்கறாங்கன்னாங்க." சிக்னலில் காரை நிறுத்தினார். "அவங்க வீட்டு விஷயத்துல நாம எதுக்குங்க நடுவுல?" என்றார்.

நான் காபியை விடவில்லை. ஆனால் அதற்கடுத்த வருஷப் பொங்கலுக்கு, தேங்காய்ப் பால் ஊற்றி ஒரு சின்னப் பாத்திரத்தில் பொங்கல் தனியாகச் செய்து, அட்டை ஏதும் எழுதாமல் மேஜை ஓரத்தில் வைத்தேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வந்தார், மூடியைத் திறந்து பார்த்தார், என்னைப் பார்த்தார். பாத்திரத்தைக் காலி செய்துவிட்டுக் கழுவியும் வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் வீடுகளுக்கு நடுவே ஒரு குளம் உண்டு. மழைத் தண்ணீர் தேங்குவதற்காக வெட்டிய குளம். அதைச் சுற்றி நடைபாதை. குளம் இருந்தால் வாத்து வரும், வாத்து வந்தால் பாதை அசுத்தமாகும். ஆனி ஆடி வாக்கில் வாத்துகளுக்கு இறகு உதிர்ந்து பறக்க முடியாமல் இருக்கும். அந்தச் சமயம் பார்த்து மொத்தமாக வளைத்துப் பிடித்துக் கொண்டுபோய்க் கொன்றுவிட, அரசாங்க அனுமதியோடு கம்பெனிகள் இருக்கின்றன. அப்படி ஒரு கம்பெனியைக் கூப்பிடலாம் என்ற பேச்சு அசோசியேஷன் மீட்டிங்கில் வந்தபோது, அவர் எழுந்து ஒன்றே ஒன்று சொன்னார்: "பாதை அசுத்தமாவதுதான் பிரச்சினை என்றால், பாதையை நான் சுத்தம் செய்கிறேன்." எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் செய்தார். தினம் காலை ஆறு மணிக்கு துடைப்பமும் ஹோஸ் பைப்புமாக வந்துவிடுவார். பனிக்காலம் தவிர ஒரு நாள் தவறியதில்லை. சூட்கேஸ் சக்கரம் உருளும் சத்தம் போல அந்தக் கரகர சத்தம் என் படுக்கையறை வரை கேட்கும். எரிச்சலாக இருக்கும்.

அந்த வாத்துக் கூட்டத்தில் ஒன்று காலை இழுத்து இழுத்து நடக்கும். அதற்கு அவர் வைத்த பெயர் 'பெரியவர்'. ஒரு தடவை அதன் காலில் மீன்பிடிக்கும் தூண்டில் நரம்பு சுற்றிக்கொண்டு விழுந்து கிடந்தபோது, எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில், "பெரியவர் விழுந்துட்டார், யாராவது கத்தரி எடுத்துட்டு வாங்க" என்று எழுதினார். யார் வீட்டுப் பெரியவரோ என்று மூன்று பேர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்கள். போய்ப் பார்த்தால் வாத்து. திரும்பி வந்து திட்டித் தீர்த்தார்கள். அதன் பிறகு 'பெரியவர்' என்றால் வாத்து என்பது எல்லோருக்கும் மனப்பாடம்.

நான்காவது வருஷம் மே மாதம் அப்பா சென்னையிலிருந்து வந்தார். வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. ஜெட்லாக் தீரவில்லை, அக்கம்பக்கத்தில் யாரையும் தெரியாது. அன்று காலை பத்து மணிக்கு, "ஒரு ரவுண்ட் போய்ட்டு வரேம்மா" என்று வேட்டியோடு கிளம்பினார். போனை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனதை நான் கவனிக்கவில்லை. அன்று வாத்து சாருக்கும் எனக்கும் வீட்டிலிருந்தே வேலை, எனக்கு மீட்டிங் தொடங்கியிருந்தது.

பத்தே முக்காலுக்குக் குழுவில் வாத்து சாரிடமிருந்து ஒரு செய்தி. "குளத்துகிட்ட பெரியவர் விழுந்துட்டார். யாராவது உடனே வாங்க."

மீட்டிங் அறுவையாக இருந்தது. நான் தட்டினேன்: "வாத்து டாக்டர் இன்னிக்கு லீவாம் சார். பெரியவரை நாளைக்குக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க." எழுதிவிட்டு நானே சிரித்தேன். வரிசையாகச் சிரிக்கும் முகங்கள் வந்து விழ ஆரம்பித்தன. போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டு மீட்டிங்கைக் கவனித்தேன்.

நாற்பது நிமிஷம் கழித்து எடுத்துப் பார்த்தேன். என் செய்திக்குக் கீழே பதினோரு சிரிப்பு. அதற்கும் கீழே அவர் எழுதியிருந்தார்: "இவர் மனுஷருங்க. வேட்டி, நீல ஸ்வெட்டர். பேச முடியலை. யாரு வீட்டுக்கு வந்தவங்கன்னு சொல்லுங்க. ஆம்புலன்ஸ் வந்துடுச்சு, நான் கூடப் போறேன்."

நீல ஸ்வெட்டர் நான் வாங்கிக் கொடுத்தது.

ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கார் ஓட்டிக்கொண்டு போனேன் என்று தெரியாது. எமர்ஜென்சி அறைக்கு வெளியே அவர் அப்பாவின் செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், "உங்க அப்பாவுங்களா?" என்றார். பிறகு, "நான் இன்னும் தெளிவா எழுதியிருக்கணுமுங்க. பதட்டத்துல வேற வார்த்தை வரலை. மன்னிச்சுக்குங்க" என்றார்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் எழுதியதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அன்றும் இல்லை, அப்புறமும் இல்லை.

டாக்டர் வந்து எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார். ஸ்ட்ரோக். வலது பக்கம் செயலிழந்ததால் விழுந்திருக்கிறார். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அவர்கள் வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. நான் போனைக் கவிழ்த்து வைத்த அந்த நாற்பது நிமிஷத்தால் எவ்வளவு கெட்டுப்போனது என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

அப்பா பிழைத்துக்கொண்டார். வலது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. நான் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்துகொண்டிருந்த அந்த வாரத்தில், குழுவில் யாரோ, "அந்த இடத்துல வாத்து எச்சம் வேற, வழுக்கியிருக்கும்" என்று எழுதினார்கள். இரண்டே நாளில் அதுவே கதையாகிவிட்டது. சிரித்த பதினோரு பேருக்கும் பழியைப் போட ஓர் இடம் வேண்டியிருந்தது. எல்லோரையும்விட அதிகமாக எனக்கு வேண்டியிருந்தது. அந்தச் செய்திகளுக்கு நான் பதில் எழுதவில்லை. டாக்டர் சொன்னது எனக்கும் என் கணவருக்கும் அவருக்கும்தான் தெரியும்.

ஜூன் முதல் வாரம் அசோசியேஷன் அவசரமாகக் கூட்டம் போட்டது. பழைய பேச்சுதான், இந்த முறை வேகமாக. கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார்கள். ப்ரெசிடென்ட் ஒரு வயதான அமெரிக்கப் பெண்மணி, நல்ல மாதிரி. என்னைப் பார்த்து, "உங்கள் அப்பா அந்தப் பாதையில்தான் வழுக்கி விழுந்தார், இல்லையா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் வாத்துகள் பிழைக்கும். ஆனால் வாத்துகள் மேல் குற்றம் இல்லையென்றால், அந்தக் காலையில் மிச்சம் இருப்பது என்ன? நான் எழுதிய நக்கலும் அந்த நாற்பது நிமிஷமும்தான். "அந்த இடம் வழுக்கத்தான் செய்கிறது" என்றேன்.

மூன்று நாற்காலி தள்ளி அவர் உட்கார்ந்திருந்தார். அப்பா விழுந்த அன்றும் காலை ஆறு மணிக்கு அந்தப் பாதையைக் கழுவியவர். அந்தக் கரகர சத்தத்தை அன்றும் நான் கேட்டிருந்தேன்.

ப்ரெசிடென்ட் அவர் பக்கம் திரும்பினார். "நீங்கள்தானே முதலில் பார்த்தது? ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

அவர் எழுந்தார். அவர் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். "அது அவருடைய அப்பா. அவர்தான் சொல்ல வேண்டும்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தபடியே நின்றார். மிரட்டல் இல்லை, கெஞ்சல் இல்லை. எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். கூட்டம் முழுக்க என்னைத்தான் பார்த்தது.

நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன். எதை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் உட்கார்ந்த பிறகுதான் தலையை நிமிர்த்தினேன். வாத்துகளைப் பிடிக்கச் சம்மதம் என்பவர்களைக் கையைத் தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன்.

ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பொழுது விடியும் நேரத்தில் சின்னப் படகுகளில் ஆட்கள் வந்தார்கள். வாத்துகளைக் கரைக்கு ஓட்டி, வலைத் தட்டிகளுக்குள் அடைத்து, பெட்டி பெட்டியாக லாரியில் ஏற்றினார்கள். இறகு உதிர்ந்த சிறகை அடித்து அடித்துப் பார்த்தன. என் ஜன்னலிலிருந்து தெரிந்தது. அவர் கரையில் நின்றார். தடுக்கவில்லை, சத்தம் போடவில்லை. காலை இழுத்து நடக்கும் அந்த வாத்தை ஓர் ஆள் கழுத்தைப் பிடித்துத் தூக்கியபோது மட்டும் அருகில் போய், எப்படித் தூக்குவது என்று கையால் காட்டினார். அந்த ஆள் அதன்படியே வயிற்றுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தான்.

திங்கட்கிழமை அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். டாக்ஸிக்குச் சொல்லலாம் என்று போனைக் கையில் எடுத்தபோது கார் வாசலில் வந்து நின்றது.

"அப்பா எப்படி இருக்காங்க?"

"பரவாயில்ல சார். நேத்து இடது கையால ஸ்பூன் பிடிச்சார்."

"சந்தோஷமுங்க."

குளத்து வளைவு வந்தது. வேகத்தைக் குறைக்காமல் திருப்பினார். நான் பேச வேண்டும் என்று இரண்டு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்ததைத் தொடங்கினேன்.

"சார், அன்னிக்கு மீட்டிங்ல நான்..."

"விடுங்க."

"இல்ல சார், அவங்களை எங்க கொண்டுபோனாங்கன்னு ஏதாவது..." என்றேன். அவருக்காகத்தான் 'அவங்க' என்றேன். என் வாயில் அந்தச் சொல் பொருந்தவே இல்லை.

"அதுங்களைப் பத்தி இப்ப எதுக்குங்க?" என்றார். "அதுங்க போயிடுச்சு."

நான்கு வருஷமாக நான் எதற்காக அவரைக் கிண்டல் செய்தேனோ அது அன்று தீர்ந்துவிட்டது. எங்கள் எல்லோரையும் போல அவரும் பேசினார். டாக்டர் சொன்னதை நான் அந்தக் குழுவில் இன்னும் எழுதவில்லை.